கூரையில்லாத காரில் மூன்று நடை

பதிவு செய்த நாள்: 16.10.2025, வியாழக்கிழமை, காலை மணி 10.20.
பதிவு செய்தவர்: சார்ஜன்ட் கோகிலன்.
வாக்குமூலம் அளிப்பவர் தமிழில் பேச விரும்பியதால், அவர் சொல்லச் சொல்லத் தமிழிலேயே எழுதப்பட்டது.

என் பெயர் ரீத்தா. தகப்பனார் பெயர் சூசைநாதன். வயது 48. பினாங்கு ஜார்ஜ் டவுன், சூலியா தெருவிலிருந்து பிரியும் சந்தில், 17ஆம் எண் கடையின் மாடியில் குடியிருக்கிறேன். கீழே கடை. கார் இருக்கைகளுக்கு உறை தைப்பதும், திறந்த கார்களுக்குத் துணிக்கூரை மாற்றுவதும் என் தொழில். இருபத்திரண்டு வருடங்களாகச் செய்கிறேன். என்மீது இதற்கு முன் எந்தப் புகாரும் இல்லை.

என் கணவர் பெர்னார்ட், வயது 55. லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, நான்கு வருடங்களாகச் செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாட்களில் சுங்கை பினாங் ஆற்றுப் பக்கமுள்ள ஒரு டயாலிசிஸ் நிலையத்துக்குப் போய் வருகிறார். அந்த நிலையம் ஓர் இரண்டு மாடிக் கடை வீட்டில் இருக்கிறது. கீழே இயந்திரங்கள், மேலே அலுவலகமும் ஓய்வறையும்.

புகாரில் சொல்லப்பட்டுள்ள வெள்ளைக் கார் டத்தோ பட்டம் பெற்ற புவனேஸ்வரனுடையது. நான்கு சக்கரமும் இழுக்கும் உயரமான வண்டி, ஆனால் மேலே கூரை திறந்து மடங்கும். இப்படி ஒன்றை ஏன் செய்தார்கள் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. கதவு இரண்டுதான். பின்னால் உட்காருகிறவர் முன் இருக்கையை மடக்கி, குனிந்து, நுழைந்து போக வேண்டும். கூரை மடங்கிவிட்டால் பின்பெட்டியில் ஒரு அரிசி மூட்டைகூட வைக்க முடியாது. மதியத்தில் திறந்தால் மண்டை வெந்துவிடும், மாலையில் திறந்தால் மழை. டத்தோ கூரையைத் திறந்துவைத்து ஏர்கோனையும் முழுசாகப் போட்டுக்கொண்டு கடற்கரைச் சாலையில் சாப்பிடப் போவார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் கணவர் அந்தக் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "லோரி மாதிரி ஒசரம், சம்பான் படகு மாதிரி மொட்டை. யாருக்குலா இது?" என்று கேட்டார்.

ஆனால் உண்மையைச் சொல்லச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். கூரைத்துணி பூஞ்சை பிடித்துக் கிழிந்திருந்ததால் இந்த மாதம் 9ஆம் தேதி வண்டி என் கடைக்கு வந்தது. பழைய துணியைக் கழற்றிய பிறகு, இரும்புச் சட்டம் சத்தம் போடுகிறதா என்று பார்க்க, டத்தோவின் அனுமதியோடு ஒரு சுற்று ஓட்டினேன். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுக்கடை வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். உயரத்தில் உட்கார்ந்திருந்தேன், தலைக்கு மேலே ஒன்றுமில்லை. பள்ளிவாசல் மினாரைக் கழுத்தை வளைக்காமல் உச்சிவரை பார்த்தேன். ஒரு சுற்று போதும் என்றிருந்தும் மூன்று சுற்று ஓட்டினேன்.

அதன் பிறகு 14ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை மணி 10க்கு மழை பிடித்தது. என் கணவர் அதற்கு முன்பே நிலையத்துக்குப் போய்விட்டார். மதியம் மணி 1.10க்கு அங்கே தாதியாக வேலை செய்யும் துளசி எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். ஆற்று நீர் திடீரென்று கடைக்குள் ஏறிவிட்டது, சிகிச்சையைப் பாதியில் நிறுத்தி ஆறு நோயாளிகளையும் மாடிக்கு ஏற்றிவிட்டோம், கீழே இன்னும் மின்சாரம் துண்டிக்கப்படவில்லை, இயந்திரங்களின் பிளக்குகள் தண்ணீருக்குள் கிடக்கின்றன, படிக்கட்டில் யாரும் காலை வைக்க முடியாது என்று சொன்னார். "பொம்பாவுக்கு அடிச்சாச்சு அக்கா. எல்லா எடத்துலயும் வெள்ளம், தீயணைப்பு வண்டி வர ரெண்டு மணி நேரம் ஆகும்னு சொல்றாங்க. வடிவம்மாளுக்கு மூச்சு வாங்குது. ரெண்டு மணி நேரம் தாங்காது" என்றார். வடிவம்மாள் என்பவர் 73 வயது நோயாளி. சனிக்கிழமை சிகிச்சைக்கு வராமல் விட்டதால் அவர் உடம்பில் நீர் கோத்திருந்தது. ஆம்புலன்ஸ் வந்திருக்கிறது, ஆனால் அறுநூறு மீட்டர் தள்ளி மேட்டிலுள்ள பெட்ரோல் நிலையத்தைத் தாண்டி அதனால் வர முடியவில்லை என்றும் துளசி சொன்னார்.

நான், முன்பக்க ஜன்னல் எவ்வளவு அகலம் என்று கேட்டேன். ஓர் ஆள் தாராளமாக வரலாம், கம்பி கிடையாது, பலகைக் கதவுதான் என்றார்.

என்னிடம் ஒரு மோட்டார் சைக்கிள்தான் உண்டு. இரண்டு வாடகைக் கார் ஓட்டுநர்களை அழைத்தேன். இடத்தின் பெயரைச் சொன்னதும் இருவரும் வைத்துவிட்டார்கள். அதன் பிறகு நான் கடைக்குள் நின்ற வெள்ளைக் காரைப் பார்த்தேன். தாழ்ந்த காராக இருந்தால் தண்ணீரில் நின்றுவிடும். உயரமான வண்டியாக இருந்தால் போகும், ஆனால் மாடி ஜன்னலிலிருந்து இறக்குகிற ஆளைக் கூரைமேல்தான் வைக்க வேண்டும். உயரமும் வேண்டும், கூரையும் இருக்கக்கூடாது. அப்படி ஒரு வண்டியைப் பினாங்கில் எத்தனை பேர் வாங்குவார்கள்? அது அன்றைக்கு என் கடையில் நின்றது.

டத்தோவின் எண்ணுக்கு இரண்டு முறை அழைத்தேன். எடுக்கவில்லை. ஆகவே அனுமதி இல்லாமல்தான் எடுத்தேன்.

எடுப்பதற்கு முன் ஆளை இறக்க ஒரு தொட்டில் தைத்தேன். கடையிலிருந்த துணிகளிலேயே உறுதியானது அந்தக் காருக்கென்று வரவழைத்த புதிய கூரைத்துணி. அதிலிருந்து இரண்டு மீட்டர் வெட்டினேன். சீட் பெல்ட் நாடா நான்கை வைத்து, தோல் தைக்கும் மிஷினில் இரட்டைத் தையல் போட்டேன். பன்னிரண்டு நிமிடம் ஆனது. அதன் பிறகு அதைக் கடையின் உத்தரத்தில் கட்டி நானே ஏறித் தொங்கிப் பார்த்தேன். என் எடை 81 கிலோ. ஒரு தையலும் விடவில்லை.

மணி 1.45க்குப் புறப்பட்டேன். மழை நேராக என்மேல் பெய்தது. சுங்கை பினாங் அருகே சாலையில் தண்ணீர் சக்கரத்தின் பாதிவரை இருந்தது. வேகமாகப் போனால் அலை கடைகளுக்குள் அடிக்கும் என்பதால் நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினேன். வழியில் ஏழெட்டு கார்கள் நின்றுபோயிருந்தன.

நிலையத்தின் ஜன்னலுக்கு நேர் கீழே, முன்வராந்தாத் தூணை ஒட்டி வண்டியை நிறுத்தினேன். அப்போது இடப்பக்கக் கண்ணாடி தூணில் பட்டு உடைந்தது. அது என் தவறு. நான் பின் இருக்கையில் ஏறி நின்று, தொட்டிலை மேலே வீசினேன். நிலையத்தில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் ஹாஃபிஸ் என்பவர் அதைப் பிடித்து, நாடாவை மாடித் தூணில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டார்.

துளசி முதலில் என் கணவரைக் கூப்பிட்டார். என் கணவர் ஜன்னலுக்கு வந்து என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "நான் கடைசி. அந்த அக்காவ அனுப்பு மொதல்ல" என்றார். நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

வடிவம்மாளை இறக்கினோம். சிகிச்சை ஊசி குத்திய கை நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் பையில் கட்டியிருந்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். என் கைக்கு வந்து, இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் கண்ணைத் திறந்தார். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அப்படியும், "ஏம்மா, கூரை எங்க?" என்று கேட்டார்.

"ஒங்களச் சுத்திக் கட்டியிருக்கே, அதான்கா கூரை" என்றேன்.

அவரையும் ஒரு சீன மூதாட்டியையும் பெட்ரோல் நிலையத்தில் ஆம்புலன்ஸில் ஏற்றினேன். வடிவம்மாளுக்கு உடனே ஆக்சிஜன் வைத்தார்கள். அதன் பிறகு திரும்பிப் போய், கமாலுதீன் என்ற நோயாளியையும் ஒரு கால் இல்லாத வேறொருவரையும் கொண்டுவந்தேன். கமாலுதீன் குடை விரித்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, சுல்தான் போகிறமாதிரி உட்கார்ந்து வந்தார்.

மூன்றாவது நடைக்குள் தண்ணீர் கதவின் அடிப்பாகத்தைத் தொட்டுவிட்டது. இன்ஜின் சத்தம் மாறியது. ஜன்னலில் என் கணவர் இருந்தார். அவரோடு சிகிச்சைக்கு வந்த ஓர் ஆசிரியை, துளசி, ஹாஃபிஸ். ஆசிரியை இறங்கிய பிறகு என் கணவரை இறக்கும்போது நாடா ஒருமுறை வழுக்கி, அவர் அரை மீட்டர் விழுந்து நின்றார். ஹாஃபிஸின் உள்ளங்கை கிழிந்துவிட்டது, ஆனால் அவர் விடவில்லை. நான் என் கணவரை இடுப்போடு சேர்த்துப் பிடித்தேன். நான்கு வருடத்தில் அவர் எவ்வளவு இளைத்துவிட்டார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு கையாலேயே தூக்கி உட்கார வைத்தேன். அவர் ஈரத் தலையோடு இருக்கையைத் தடவிப் பார்த்து, "தோலு நல்ல தோலுலா" என்றார்.

துளசியும் ஹாஃபிஸும் அதே நாடாவைப் பிடித்துக்கொண்டு தாமாக இறங்கினார்கள். மணி 3.05க்கு ஆறு நோயாளிகளும் மேட்டில் இருந்தார்கள். அன்று இரவுக்குள் பெரிய மருத்துவமனையில் ஆறு பேருக்கும் சிகிச்சை முடிந்தது. வடிவம்மாள் நேற்றுக் காலை இட்லி கேட்டதாகத் துளசி சொன்னார்.

கார் நகர்ந்ததும் அதிலிருந்த கண்காணிப்புக் கருவியிலிருந்து டத்தோவின் காரியதரிசி காமினிக்கு எச்சரிக்கைச் செய்தி போயிருக்கிறது. அவர் என்னைப் பதினான்கு முறை அழைத்திருக்கிறார். என் தொலைபேசி கைப்பைக்குள் நனைந்து கிடந்தது. ஆகவே கார் திருடு போனதாக அவர் புகார் கொடுத்தார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் வேலையை அவர் செய்தார்.

டத்தோ நேற்று மதியம் என் கடைக்கு வந்தார். கண்ணாடி உடைந்திருந்தது, தரைவிரிப்பு முழுக்கச் சேறு, பின் இருக்கையில் கால் தடங்கள். அவர் காரைச் சுற்றி வந்து பார்த்தார். நான் எல்லாவற்றையும் சரிசெய்து தருவதாகச் சொன்னேன். அவர், "ரீத்தாம்மா, இத வாங்குன அன்னிலேர்ந்து எல்லாரும் சிரிக்கிறாங்க. என் சம்சாரம் முடி கலையுதுன்னு ஏறவே மாட்டா. மூணு வருஷமா நான் மட்டும் இது நல்ல காருன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். இப்ப பாத்தீங்களா?" என்றார். பிறகு, யாராவது படம் எடுத்தார்களா என்று கேட்டார். நிலையத்துக்கு எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒருவர் எடுத்து அனுப்பியிருந்ததைக் காட்டினேன். அதைத் தன் மனைவிக்கும் தன் நண்பர்கள் குழுவுக்கும் என் கடையில் நின்றபடியே அனுப்பினார்.

டத்தோ புகாரை மீட்டுக்கொண்டார் என்றும், கோப்பை மூட என் வாக்குமூலம் வேண்டும் என்றும் சார்ஜன்ட் சொன்னதால் வந்தேன்.

நான்கு பேர் உட்காரும் காரில் கடைசி நடையில் எத்தனை பேர் இருந்தீர்கள் என்று கேட்டதற்கு, ஐந்து பேர் என்று பதில் சொல்கிறேன். ஹாஃபிஸ் பின்னால் மடித்த கூரைச் சட்டத்தின்மேல் உட்கார்ந்திருந்தார். அது சட்டப்படி குற்றம் என்று எனக்குத் தெரியும்.

அவசியமில்லாமல் வேறு ஏதாவது செய்தீர்களா என்று கேட்டதற்கு, செய்தேன் என்று பதில் சொல்கிறேன். கடைசி நடையில் அந்தத் தெருவின் மாடி ஜன்னல்கள் எல்லாவற்றிலும் ஆட்கள் நின்றார்கள். யாரோ ஒருவர் தகரத்தைத் தட்ட ஆரம்பித்தார், பிறகு எல்லாரும் தட்டினார்கள், கத்தினார்கள். மழையும் விட்டிருந்தது. என் கணவர் எழுந்து முன்கண்ணாடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொல்ல வேண்டியவள் நான், சொல்லவில்லை. தெரு முனையிலிருந்து பெட்ரோல் நிலையம்வரை ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. முன்னால் எந்த வண்டியும் கிடையாது, விலக வேண்டியவரும் யாரும் கிடையாது. அடிக்க வேண்டும் போலிருந்தது, அடித்தேன்.

சார்ஜன்ட் இதை எனக்குத் திரும்ப வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் வற்புறுத்தாமல், நடந்ததை நடந்தபடி சொல்லி, என் கைப்பட ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ரீத்தா