மணலில் கருகிய அவரைக்கு நாற்பது மதிப்பெண்

மண்ணறிந்து மருந்தளந்த மாண்பே! களையை வென்று கொடியைக் காத்த கனிவே! அவரையின் அல்லலை ஆண்டுதோறும் அளந்தறிந்த அம்மையே! எங்கள் ஆய்வுப் பண்ணையின் மணல் பாத்திகளுக்கு அரசியாய் வீற்றிருந்து, இன்று பணி ஓய்வு பெறும் பெருந்தகையே! எங்கள் சொல்லுக்குச் செவி சாய்த்தருள்க!

இம்மடலை எழுதும் பொறுப்பைத் தமிழ் நன்றாக வரும் என்பதற்காகக் களிமண் பாத்திக்காரரிடம் ஒப்படைத்தோம். உங்களைப் புகழ்வதென்றால் அவருக்கு வயிறு எரியும் என்பது பண்ணை முழுவதும் அறிந்த செய்தி. எரிகிற வயிற்றோடு எழுதினாலும் பொய் எழுதமாட்டார் என்று நம்பினோம். ஊழியர் அனைவர் சார்பிலும் எழுதுவதால், தம்மையும் அவர் "அவர்" என்றே இங்கே குறிக்கிறார்.

ஒரே விதை, ஒரே களைக்கொல்லி, ஒரே அளவு. மண் மட்டுமே வேறு. அவருடைய களிமண் மருந்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, அவரைக்கொடி அசையாமல் பச்சையாய் நின்றது. உங்கள் மணலோ மருந்தை நேராக வேருக்கு இறக்கிவிட, இலை வெளுத்து, ஓரம் கருகி, கொடி சுருண்டது. சாகாத பயிரைப் பார்க்க யார் வருவார்கள்? உழவர்களும் உயர் அலுவலர்களும் அவர் வரப்பில் செருப்புச் சேற்றைத் தட்டிவிட்டு உங்கள் பாத்திக்கே நடந்தார்கள். "மணல் நிலத்துக்குப் பாதி மருந்தே போதும்" என்ற உங்கள் ஒரு சொல் ஊரூராய்ப் பரவி, எத்தனையோ குடும்பங்களின் விளைச்சலைக் காத்தது. "என் பாத்தியில் ஒன்றும் ஆகவில்லை" என்ற அவருடைய சொல்லை அவர் மனைவிகூட முழுதாகக் கேட்டதில்லை.

போதாக்குறைக்கு நம் பண்ணையில் ஒரு வழக்கம். தன் பயிர் பட்ட காயத்துக்குத் தானே மதிப்பெண் போடக்கூடாது, அடுத்த பாத்திக்காரர்தான் போடவேண்டும். நூறு என்றால் பயிர் செத்தது, சுழி என்றால் சுகம். ஆகவே ஒவ்வொரு பருவமும், உங்கள் கொடி பிழைத்துத் தொலையாதா என்று உள்ளுக்குள் ஏங்கியபடியே வந்து, குந்தி, இலையைப் புரட்டி, எண்பது, தொண்ணூறு என்று தம் கையாலேயே உங்கள் புகழை எழுதிவிட்டுப் போனார் அவர். நீங்களோ அவருக்கு முத்து முத்தாய்ச் சுழி போட்டீர்கள்.

நீங்கள் விடைபெறுவதால் இந்தப் பருவம் மணல் பாத்தி அவர் கைக்கு வந்தது. காலமெல்லாம் காத்திருந்த மணல்! புது மருந்தைத் தெளித்தார், கருகியது. இன்று காலை, "எல்லாரும் வந்து பாருங்கய்யா!" என்று கூவிக் கூவி அழைத்தார். நாங்கள் உங்கள் விழாவுக்கு நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தோம். நீங்கள் ஒருவர் மட்டும் விழாவுக்கு உடுத்திய புத்தாடையோடு மணலில் இறங்கினீர்கள்.

குறைந்தது எண்பது வரும் என்று அவர் பேனாவும் கையுமாய் நின்றார்.

"ஓரந்தான் கருகியிருக்கு. குருத்து உசுரோட இருக்கு. நாப்பது. அதுக்கு மேல ஒண்ணுகூடப் போடமாட்டேன்" என்றீர்கள்.

"கடைசி நாள்லயுமாம்மா?"

"கடைசி நாளுன்னு பொய் சொல்லணுமா? உங்களுக்குச் சுழி போடும்போதெல்லாம் எனக்கு எவ்வளவு வயித்தெரிச்சல் தெரியுமா? என் பயிரு ஒரே ஒரு வருஷமாவது இப்படிப் பச்சையா நிக்கக்கூடாதான்னு நெனச்சுக்கிட்டேதான் வீட்டுக்குப் போவேன்."

அவர் நாற்பது என்று எழுதிக்கொண்டார். இம்மடலின் தொடக்கத்தில் நேற்றுவரை "அன்புடையீர்" என்ற ஒற்றைச் சொல்தான் இருந்தது. மாண்பும் கனிவும் அம்மையும் பெருந்தகையும் இன்று காலை மணலிலிருந்து திரும்பிய பிறகு அவர் சேர்த்தவை.

நோயறியா உடலும் நோவறியா உள்ளமும் பெற்று நெடுங்காலம் வாழ்க! பருவந்தோறும் வந்து எங்கள் பயிருக்கு மதிப்பெண் இடுக! உங்கள் வீட்டுத் தோட்டத்து மண் எதுவாயினும், அதில் அவரைக்கொடி பச்சைப் பசேலென்று நிற்க!

இப்படிக்கு,
உங்கள் அன்பை மறவாத பண்ணை ஊழியர்கள்

எழுதியவர்: நாற்பதை ஐம்பதென்று இன்னமும் சாதிக்கும் மணல் பாத்திக்காரர்