பழைய மீட்டரை யாருக்குக் கொடுப்பது

நல்ல மல்டிமீட்டர் ஒன்று வாங்கியதும் பழையதை என்ன செய்வது என்ற கேள்வி வரும். தூக்கிப் போட மனம் வராது. யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். நானும் அதைத்தான் செய்தேன், சார்.

தேனியில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறேன். எலக்ட்ரானிக்ஸ் எனக்குப் பொழுதுபோக்கு. என் தங்கை ஜெபஷீலாவின் கணவன் ஸ்டான்லிக்கும் அதுதான் பொழுதுபோக்கு என்று ராயப்பன்பட்டியில் சொல்வார்கள். வயரைப் பல்லால் உரிப்பவனையும் என்னையும் ஒரே மூச்சில் சொல்வது எங்கள் ஊருக்குப் பழக்கம்.

புது மீட்டரை அவனிடம் காட்டினேன். வீட்டுக் கரண்ட் இருநூற்று முப்பத்தொன்று புள்ளி நான்கு வோல்ட் என்றது. அவன் சிரித்தான்.

"கரண்ட் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சாப் போதாதா மதினி? புள்ளிக்கு அங்கிட்டு இருக்கிறத வச்சு என்ன செய்யப் போறோம்? அப்ப பழசு எனக்குத்தானே?"

தருகிறேன் என்றேன்.

இப்படிப்பட்டவனைத்தான் ஊரே கூப்பிடும். மோட்டார் ஓடவில்லையா, ஸ்டான்லி. மிக்ஸி சுற்றவில்லையா, ஸ்டான்லி. ஓசியில் பார்ப்பவனிடம் யாரும் தரம் பார்ப்பதில்லை.

மலைச்சாமி என்று ஒருவர், திராட்சைத் தோட்டக்காரர். அவர் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியில் என்ன கோளாறு என்று நான் பார்த்துச் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "சரித்தாம்மா. எதுக்கும் நம்ம ஸ்டான்லி தம்பி ஒருக்கா பாத்துரட்டும்" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. விவரம் இல்லாதவர்களிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

மறுநாள் காலையில் ஸ்டான்லி வந்தான். "மலைச்சாமி அண்ணே வரச் சொன்னாக மதினி. நேரா அங்கனதான் போறேன். அந்த மீட்டரக் குடுங்க."

கொடுத்தேன். அதன் சிவப்பு வயரில், பிடிக்குப் பக்கத்தில், உள்ளே கம்பி முறிந்திருந்தது. கரண்ட் இருந்தாலும் சைபர்தான் காட்டும். புது வயர் என் மேசை இழுப்பறையில் இருந்தது. மாற்ற ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் மூளை உள்ளவன் எவனும் கைக்கு வந்த மீட்டரை முதலில் ஒரு பிளக்கில் வைத்துச் சோதித்துப் பார்ப்பான். என் வீட்டு வாசலிலேயே பிளக் இருந்தது. அவன் அதைத் தாண்டித்தான் போனான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த வயர் அதற்கு முன் அப்படி இல்லை. வளைத்தால் மட்டும் சில நேரம் சைபர் காட்டும். அரைகுறைக் கோளாறோடு கொடுத்தால் அது நியாயமான சோதனை ஆகாது. அதனால் முந்தின நாள் சாயங்காலம், அதே இடத்தில் மடக்கி மடக்கி முழுதாக முறித்தேன். இரண்டு மீட்டரையும் பிளக்கில் வைத்துப் பார்த்தேன். புதியது இருநூற்று முப்பத்தொன்று. பழையது சைபர்.

தோட்டத்தில் நடந்ததை மலைச்சாமிதான் சொன்னார். "'பாருங்கண்ணே, சைபரு. மோட்டாருக்கு வர்ற த்ரீ பேஸ் கரண்டு இன்னும் வரல. மதினி குடுத்த மீட்டரு, தப்பாக் காட்டாது'ன்னு சொல்லிட்டுத்தாம்மா பெட்டிக்குள்ள கைய விட்டாப்ல."

த்ரீ பேஸ் வந்துதான் இருந்தது.

உங்கள் அறிக்கையில் மின்கசிவால் மரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். எதுவும் கசியவில்லை, சார். கரண்ட் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. அவனைக் கொன்றது நான். இதைக்கூடச் சரியாக எழுத உங்களுக்கு ஆள் இல்லையே என்றுதான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவனிடம் பொறாமைப்பட என்ன இருந்தது? அடக்கத்தன்று சர்ச் கொள்ளாத கூட்டம். ஜெபஷீலா என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். மலைச்சாமி அழுதுகொண்டே, இனிமேல் மோட்டாரை யார் பார்ப்பார்கள் என்று வந்தவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவருக்கு எதிரில்தான் நின்றேன், சார். கடைசிவரை என்னிடம் அவர் கேட்கவே இல்லை.