பூட்டின வீட்டுக்குள்ள பாஸ்போர்ட்டு

தூங்கிடாதீங்க ஐயா, ஒரு குட்டிக் கதை வருது... சாப்பாட்டுப் பந்திக்கு முன்னாடி முடிச்சிடுவேன், நம்புங்க!

மடிப்பாக்கத்துல வைத்தியலிங்கம்னு ஒருத்தர். மக நிரஞ்சனா சிகாகோவுல இருக்கா. தலைப்பிரசவம், ஒத்தாசைக்கு அங்க ஆள் இல்ல. அப்பாவும் அம்மா கோமளவல்லியும் கிளம்புறாங்க. மனுஷனுக்குப் பெருமை தாங்கல! தெருவுல யாரப் பாத்தாலும், "சென்னைக்கும் சிகாகோவுக்கும் பதிமூணாயிரம் கிலோமீட்டருக்கு மேல சார்! தோகாவுல இறங்கி ஏறினா இருபத்திரண்டு மணி நேரம்!" யாராச்சும் கேட்டாங்களா? கேக்கல. ஆனா சொல்லுவாரு.

வெள்ளிக்கிழமை பயணம். வீட்ட விட்டுக் கிளம்புற நேரம் பாத்தா... ராகு காலம்! விடுவாரா? முந்தின நாளே நல்ல நேரத்துல பரஸ்தானம் வச்சாரு. ஒரு பைய முன்கூட்டியே எதிர் வீட்டுல கொண்டுபோய் வச்சுட்டா, பயணம் அப்பவே தொடங்கிட்டதா கணக்கு. நம்ம வழக்கம்தானே, தப்பில்ல. ஆனா ஒரு வேட்டி துண்டு வச்சா போதாதா? இவர் என்ன வச்சாரு தெரியுமா? ரெண்டு பேரு பாஸ்போர்ட்டையும் வச்சாரு! "முக்கியமானதுதான் முதல்ல கிளம்பணும், கோமளா!"

மறுநாள் டாக்சி வந்து நிக்குது. எதிர் வீட்டுல... பூட்டு தொங்குது! அந்த வீட்டு ஜெபராஜ், குடும்பத்தோட கல்யாணத்துக்குப் போயிட்டாரு. பை எப்ப வேணும்னு இவரும் சொல்லல, அவரும் கேக்கல.

"போன் போடுங்க!"ன்னு கத்துறாங்க கோமளவல்லி அம்மா.

"நம்பர்... இல்லியே."

"இத்தன வருஷமா எதிர் வீடு... நம்பர் இல்லியா?"

தெருவுல விசாரிச்சா, அட, ஒருத்தருகிட்டயும் இல்ல!

அந்தம்மா நேரா சமையக்கட்டுக்குப் போனாங்க. அம்மிக் குழவியோட வந்தாங்க.

"ஐயோ, அடுத்தவங்க வீட்டுப் பூட்டு கோமளா!"

"அங்க என் பொண்ணு தனியாக் கிடந்து துடிப்பா. பூட்டு பெருசா உங்களுக்கு?"

ஒரே போடு! பூட்டு நாதாங்கியோட பேந்து விழுந்துச்சு. பாஸ்போர்ட் வந்துச்சு... ஆனா கதவச் சாத்த வழியில்லியே! அடுத்தவர் வீட்டத் திறந்து போட்டுட்டு ரெண்டு பேரும் போக மனசு வருமா? அந்தம்மா மட்டும் விமானம் ஏறினாங்க. பிரசவத்துக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டாங்க... கை தட்டுங்கம்மா! பேரனைக் கையில வாங்கிட்டாங்க.

வைத்தியலிங்கம்? அன்னிக்கு எதிர் வீட்டு வாசப்படியில காவல்! டிக்கெட்டும் போச்சு, பேரன் முகத்தைப் போன்லதான் பாத்தாரு. பாத்துட்டுக் குழந்தை மாதிரி அழுதாரு. அப்போ பக்கத்துல உக்காந்து முதுகத் தடவிக் குடுத்தது யாரு தெரியுமா? அந்த ஜெபராஜ்தான்! "ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் கல்யாணத்துக்கே போயிருக்க மாட்டேனே சார்..."

பெரியவங்களே, தாய்மாரே... உலகத்தோட அந்தக் கோடிக்குப் போக ஆயிரம் விமானம் இருக்கு. எதிர் வாசலுக்குப் போக நம்ம காலுதான் நடக்கணும். ஆபத்துன்னா முதல்ல ஓடி வர்றவன் அங்கதான்யா இருக்கான்! இங்க எத்தன பேரு அவன் பேராவது கேட்டு வச்சிருக்கீங்க?

திரும்புங்க. இப்பவே திரும்புங்க! பக்கத்து நாற்காலியில இருக்கிறவர் பேர் என்ன? தெரியாதா?... கேளுங்க. நீங்க கேட்டு முடிங்க, அப்புறந்தான் நான் பேசுவேன்.