நாலடி உயரத்தில் ஒரு விரிசல்

பிளேன்டீயில் சீனி கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை ஐயா. இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்பது நாளாக எழுபது பேருக்கு ஒரே அண்டாவில் தேநீர் போடுகிறார்கள், அளவு முன்பின் ஆகத்தான் செய்யும். நான் எங்கள் பேச்சில் சொல்கிறேன், நீங்கள் உங்கள் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவசரமில்லை. மணி இப்போது நாலேகால்தானே.

என் பெயர் ஆண்டியப்பன். வயது அறுபத்திரண்டு. டயகமவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல்பிரிவில் முப்பத்தெட்டு வருஷம் கவ்வாத்து வெட்டியவன். தேயிலைச் செடியை ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். இரண்டாம் வீச்சு விழுந்தால் தண்டு கிழிந்து செடி பட்டுப்போகும். என் கையில் கிழிந்த செடி கிடையாது. இப்போது கோயில் கமிட்டித் தலைவர். பெருமைக்குச் சொல்லவில்லை, நான் நிதானமான ஆள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கமிட்டியில் ஒரு தீர்மானம் போட்டேன். ஏழு மணிப் பூசைக்கு மணி அடித்தால் பூசாரியும் நானும்தான் நிற்கிறோம்; மற்ற எல்லாரும் டீவியில் சீரியல் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் திருவிழா முடியும்வரை யார் வீட்டிலும் சீரியல் ஓடக் கூடாது என்றேன். சீரியல் பார்க்கிறவர்களுக்கு மூளை மழுங்கிப்போகும் என்றும் மைக்கில் சொன்னேன். என் மனைவி அழகம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நான் அசையவில்லை.

என் மகள் லோஜினி பிள்ளைப்பேற்றுக்கு வீட்டுக்கு வந்தாள். கூடவே மருமகன் கிஷாந்த் பெரிய டீவி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். மருமகனிடம் வேண்டாம் என்று சொல்ல முடியுமா, ஐயா? சீரியல் ஓடியது. நான் கட்டிலில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொள்வேன். பேப்பர் ஓரத்தால் கண் போகும். கண் போவது வேறு, பார்ப்பது வேறு.

கிஷாந்த் மஸ்கெலியாப் பிள்ளை. கொழும்பு ஹோட்டல்களில் ஜிப்சம் பலகைச் சுவர் போடும் வேலை. இரண்டு பலகை சேரும் இடத்தில் டேப் ஒட்டி, பட்டி பூசித் தேய்த்துவிட்டால் தடவிப் பார்த்தாலும் தெரியாது. "என் ஜாயிண்டுல நூல்கூட நுழையாது மாமா" என்பார். அந்தப் பிள்ளை என் மேலுள்ள மரியாதையில் ஒரு காரியம் செய்தார். மாமாவுக்குச் சீரியல் என்றால் ஆகாது, நிம்மதியாகப் படுக்கட்டும் என்று, வேலையில் மிச்சமிருந்த பலகைகளைக் கொண்டு கூடத்தை இரண்டாகத் தடுத்துவிட்டார். டீவி அந்தப் பக்கம். என் கட்டில் இந்தப் பக்கம். ஓரத்தில் வழி, அதற்கு ஒரு திரை. பலகை போதாததால் அவர்கள் பக்கம் மட்டும் அடித்தார். என் பக்கம் வெறும் சட்டம். இரண்டு பலகையும் தரையிலிருந்து நாலடியில் சேர்கின்றன. கட்டிலில் உட்கார்ந்தால் என் கண்ணும் நாலடி.

முதல் விரிசல் தானாக வந்தது. அதில் பொய் சொல்ல மாட்டேன். மழைக்கு மயிர் போல ஒரு கோடு. கிஷாந்த் சிரித்துக்கொண்டே பூசினார்.

இரண்டாவது என்னுடையது. அன்றைக்குச் சீரியலில் ஏதோ பாத்திரம் விழுந்தது, ஒரு பெண் அலறினாள், பிறகு விளம்பரம். யாருக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. திரையை விலக்கி எட்டிப்பார்க்கலாம்தான், ஆனால் தீர்மானம் போட்ட ஆள் எப்படி எட்டிப்பார்ப்பது? மறுநாள் பகலில் எல்லாரும் மலைக்கு வேலைக்குப் போனபின், லோஜினி தூங்கும் நேரம், கவ்வாத்துக் கத்தியின் முனையை ஜாயிண்டில் வைத்தேன். ஒரே வீச்சு. காற்றோட்டத்துக்காகத்தான். அடைத்த அறையில் எனக்கு மூச்சு முட்டும்.

அவர் பூசினார். நான் வெட்டினேன். ஏழு தடவை. அவர் வலை டேப் மாற்றினார், கொழும்பிலிருந்து வேறு பட்டி வரவழைத்தார். எதுவும் ஐந்து நாளைத் தாண்டவில்லை. கடைசியில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பட்டி பூசும் கரண்டியைக் கழுவிவிட்டுத் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்ப்பார். முதலாளி போனில் கூப்பிட்டபோது, "வீட்டுச் செவுரே நிக்கலிங்க, ஹோட்டல் செவுரு எப்படிங்க நிக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. நன்றாகக் கஷ்டமாக இருந்தது. அந்த வாரம் கதாநாயகியைக் கோர்ட்டில் ஏற்றியிருந்தார்கள்.

ஒரு நாள் காலையில் அவர் என் முன்னால் வந்து நின்றார். "மாமா, ராவெல்லாம் யோசிச்சேன். என் கை தப்புப் பண்ணாது. அப்ப மலைதான் நகருது."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "இருக்கும் மாப்புள" என்றேன்.

மழைக்காலம், மண்சரிவுக்குப் பயந்த ஊர். பேச்சு பரவியது; பிறகு மண்சரிவைச் சோதிக்கிற அதிகாரி என்று நீங்கள் வந்தீர்கள். விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதினீர்கள். "கண்ணாடி வெடிச்சுதெண்டால் மண் அசையுதெண்டு அர்த்தம். ஒருத்தரும் தொடாதேங்கோ" என்றீர்கள். உங்கள் மேல் குறையில்லை. ஆனால் சரியாக என் இடத்தில் ஒட்டிவிட்டீர்கள். கண்ணாடியில் பசை பரவி, கதாநாயகிக்கு இரண்டு தலை தெரிந்தது. மறுநாள் மாமியார் பாயசத்தில் விஷம் கலக்கிற நாள்.

உடைந்த கண்ணாடியைப் பார்த்து உங்கள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் பதினேழு வீட்டுச் சனமும் மழையில் இறங்கியது. மூட்டையோடு நானும் இறங்கினேன். தலைவர் என்பதால் முன்னால் நடந்தேன், பயப்படாதீர்கள் என்று எல்லாருக்கும் தைரியம் சொன்னேன். பக்கத்து வீட்டு ராசம்மா மகள் தனுஜாவுக்கு வயதுக்கு வந்த சடங்கு இங்கே மூன்றாம் வகுப்பில், பெருக்கல் வாய்ப்பாட்டுக்குக் கீழே நடந்தது. என் மகள் நிறைமாதத்தில் நாலு மேசையைச் சேர்த்துப் போட்டுப் படுக்கிறாள். கிஷாந்த் நேற்று நுவரெலியாவுக்குப் போய் லீக்ஸ் மரக்கறி கட்டுகிற வேலை கேட்டுவிட்டு வந்தார். பட்டிக் கரண்டியைப் பள்ளிக்கூடத்துக் குப்பைக் குழியில் போட்டுவிட்டார். நான்தான் எடுத்துக் கழுவி வைத்திருக்கிறேன். இதோ, இந்தப் பையில் இருக்கிறது. கத்தியும் இதிலேயே.

மேல்பிரிவில் இனி யாரும் குடியிருக்கக் கூடாது என்று நீங்கள் எழுதப்போவதாகக் காலையில் கேள்விப்பட்டேன். மலை நகரவில்லை, ஐயா. கண்ணாடியை உடைத்தது நான். ஏழு விரிசலும் நான். மருமகன் கையில் ஒரு குறையும் இல்லை, அதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். மனசாட்சி உறுத்தித்தான் வந்தேன், வேறு காரணம் இல்லை. ஒன்பது நாளாக இங்கே டீவி இல்லை என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? இங்கேயா? போட்டுவிட்டேன். உங்கள் கையெழுத்தையும் இப்போதே போட்டால் சனம் இன்றைக்கே வீடு திரும்பலாம். மேல்பிரிவுக்கு ஏற ஒன்றரை மணி நேரம். முதலில் அழகம்மாவை அனுப்புங்கள், டீவி போட அவளுக்குத்தான் தெரியும். இன்றைக்குக் கடைசி எபிசோட் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள், காதில் விழுந்தது.

இன்னும் ஒரே ஒரு உதவி, ஐயா. கிஷாந்த் ரோஷக்காரப் பிள்ளை. விஷயம் தெரிந்ததும் ஓடிப்போய் முதல் வேலையாக அந்த விரிசலைப் பூசிவிடுவார். நாளைக்குப் பூசலாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.