ஏழு தனிக் கூண்டுகள்

கூண்டுக்காரர்: ...அதுக்காக எலி மண்டைக்குள்ள லைட் போடுவீங்களா, டாக்டரம்மா?

மாணவி: நான் இன்னும் டாக்டர் ஆகலண்ணே. லைட்டும் இல்ல. ஊசி வழியா ஒரு ஜீனை மூளைக்குள்ள விடுறோம். செல்லே ஒரு புரதத்தைச் செஞ்சுக்கும். அதுதான் சென்சார். மூளைல சுரக்குற டோபமைன்ங்கிற ரசாயனம் வந்து ஒட்டினா பச்சையா மின்னும்.

கூண்டுக்காரர்: ஓ... சந்தோஷப்பட்டா மின்னும்.

மாணவி: சந்தோஷம் இல்லண்ணே, டோபமைன்.

கூண்டுக்காரர்: சரி, அந்த டோபமைன் பெரிய மனுஷன் வரலேன்னா?

மாணவி: மங்கும். தனியா அடைச்ச எலிக்கு மங்கணும். மனச்சோர்வு நோய்ல மூளைக்குள்ள என்ன நடக்குதுன்னு அதை வச்சுத்தான்...

கூண்டுக்காரர்: தனியா அடைச்சா வாடிப்போகும்னு கண்டுபிடிக்க நாலு வருஷப் படிப்பு. என்னைக் கேட்டிருந்தா டீ ஆறுறதுக்குள்ள சொல்லியிருப்பேன்.

மாணவி: உங்களுக்குக் கூண்டு கழுவத் தெரியும். அதோட நிறுத்திக்கோங்க.

கூண்டுக்காரர்: நிறுத்திட்டேன். மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?

மாணவி: ஏழு எலி. மூணு வாரம் தனித்தனியா வச்சேன். ஏழும் ஜோரா மின்னிச்சு. நாளைக்குப் பேராசிரியர் காரணம் கேப்பார். சொல்லலேன்னா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

கூண்டுக்காரர்: ஊசி இடம் மாறிப் போயிருக்கும்.

மாணவி: இடமெல்லாம் சரி.

கூண்டுக்காரர்: மூளைக்குள்ள எட்டிப் பார்த்தீங்களாக்கும்...

மாணவி: விடுங்கண்ணே. ...ஏன் தலையைக் குனியுறீங்க?

கூண்டுக்காரர்: கழுவுற நேரம் ஏழையும் ஒரே தொட்டில விட்டேன். தினமும் ஒரு மணி நேரம்.

மாணவி: மூணு வாரமாவா? சேர்க்கக் கூடாதுன்னு கொட்டை எழுத்துல கதவுல ஒட்டியிருந்தேனே.

கூண்டுக்காரர்: படிச்சேன்.

மாணவி: படிச்சிட்டுமா?

கூண்டுக்காரர்: என் வீட்டுக்காரியை ஆறு மாசம் ஆஸ்பத்திரில தனி ரூம்ல அடைச்சாங்க. யாரும் உள்ள வரக் கூடாதுன்னு அங்கயும் ஒட்டியிருந்தது. படிச்சவங்க எழுதினதுன்னு வாய மூடிட்டு வெளிய நின்னேன்.

மாணவி: அவங்க இப்ப...

கூண்டுக்காரர்: இல்ல. ...மணி ஆச்சு. நான் போய்க் கழுவணும். இன்னைக்கும் சேர்த்துத்தான் விடுவேன். பேராசிரியர்கிட்ட என் பேரையே போட்டுக் கொடுங்க.

மாணவி: உள்ள போகாதீங்கண்ணே. ஊசி இடம் சரியான்னு பார்க்க, காலைலயே ஏழு மூளையையும் வெட்டிட்டேன்.