நோர்வூட் பாதையின் ஏழரை மணி பஸ்

பனியென்றும் மழையென்றும் பாராது, இருபத்தேழு ஆண்டுகள் எங்கள் பஸ் நிலையத்தின் கடிகாரத்தை நெஞ்சிலே சுமந்த நேரக்காப்பாளரே! சாரதிகளைச் சினந்தாலும் பயணிகளைச் சினவாத பண்பாளரே! பெருமதிப்புக்குரிய பெரியதம்பி ஐயா அவர்களே, வணக்கம்.

புகழ் மட்டும் பாடி இப்பிரியாவிடை மடலை முடிக்கவே எண்ணியிருந்தோம். "வீரம்மா மகனைப் பத்தி எழுதாட்டி நான் மேடைக்கு வரமாட்டேங்க" என்று தாங்கள் நேற்று ஒற்றைக்காலில் நின்றீர்கள். ஆகவே எழுதுகிறோம்.

ஐம்பத்தெட்டில் நோர்வூட் பாதைக்கு நேர அட்டவணை வரைந்தவர் தாங்களே. கொழும்பு ரயிலைப் பிடிக்க ஆறு மணிக்கு ஒரு பஸ். கடைக்காரர்கள் ஹட்டன் வந்து போகப் பத்தரைக்கு மற்றொன்று. கச்சிதமான அட்டவணை என்று மேலிடமே மெச்சியது. ஆனால் தேயிலைத் தோட்டத்திலே ஆறு மணிக்கு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்த பின்புதான், நோயாளிக்குத் தோட்டத்தின் அனுமதிச் சீட்டான ஆஸ்பத்திரித் துண்டு கிடைக்கும். அதை எவரும் எண்ணவில்லை; தாங்களும் எண்ணவில்லை.

மறு ஆண்டு ஆனி மழையில், கொழுந்தெடுக்கும் வீரம்மா, காய்ச்சலில் துவண்ட மூன்று வயது அழகனைத் தோளில் போட்டுக்கொண்டு, பத்தரை பஸ் வரை காத்திருக்க முடியாமல் ஹட்டனுக்கு நடந்தார். எட்டு மைல். பிள்ளை வழியிலேயே கண்மூடினான். காரியம் முடிந்தபின் அவர் தங்கள் முன் வந்து நின்றார்.

"துண்டு வாங்கிட்டு வந்தா பஸ்ஸு போயிருதுங்க. வாங்காம வந்தா ஆஸ்பத்திரியில சேக்க மாட்டாங்க. நாங்க எந்த பஸ்ஸுல போறதுங்க?"

மறுநாள் முதல் ஒரு கிழமை, ஏழு நாளும், விடியற்பனியில் பெரட்டுக்களத்து ஓரமாய்க் கைக்கடிகாரத்தோடு நின்றீர்கள். துண்டு கைக்கு வர ஏழு மணியாகும் என்று கண்டீர்கள். பத்தரை பஸ்ஸை ஏழரைக்கு மாற்றக் கேட்டீர்கள். கடைவீதி முணுமுணுத்தது, ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மேலிடம் கொடாக்கண்டன் என்றால் தாங்கள் விடாக்கண்டன். ஐந்து மாதம் எழுதி எழுதியே வாங்கினீர்கள்.

இன்று பிள்ளைத்தாய்ச்சிகளும் காய்ச்சல்காரப் பிள்ளைகளும் அதிலேதான் வருகிறார்கள். "பாதி வைத்தியத்தை நீங்களே பார்த்து அனுப்புறீங்க" என்று டொக்டர் ஐயா சொன்னபோது தாங்கள் சிரிக்கவில்லை. ஏனென்று எமக்குத் தெரியும்.

அந்த பஸ் ஓடிய முதல் நாளில் வீரம்மா ஏறினார். நோயில்லை, துண்டில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, அங்கே நின்றிருந்த தங்களிடம் மணி கேட்டார். எட்டேகால் என்றீர்கள்.

"முக்கா மணிதானாங்க?" என்றார்.

ஐயா, நோய் அணுகா உடலோடும் நோகா மனத்தோடும் நூறாண்டு வாழ்க! ஏழரை மணி பஸ்ஸை ஒரு நிமிடமும் பிந்த விடமாட்டோம்.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மறவாச் சாரதிகள், நடத்துநர்கள், இலிகிதர்கள்
ஹட்டன், 1964