இலைக்கு மூணு நுனி

...கிர்ரிக், கிர்ரிக், கிர்ரிக். அந்தச் சத்தத்துலேருந்துதான் எனக்கும் செடிக்கும் ஆகாமப் போச்சு. சின்ன வயசுலேருந்தே பூ மேல ஆசையான்னு கேட்டீங்கல்ல? ஆசையாவது. ரெண்டு பலகை, நடுவுல பழைய பேப்பரு, பேப்பருக்கு நடுவுல செத்த செடி, நாலு மூலையிலயும் திருகாணி. ஞாயித்துக்கிழமை மத்தியானம் மனுஷி கண்ணசர்ற நேரமாப் பாத்து எங்க அக்கா அதை இறுக்குவா. ரெண்டு பேருக்கும் ஒரே ரூமு, ஒரே ஃபேனு. அம்பத்தெட்டு வருஷம் ஆச்சு. "ஏன்க்கா அதோட கழுத்தை நெரிக்கறே"ன்னா, "நெரிக்கலைடி, பாடம் பண்றேன்"பா. செத்ததுக்கு இவ்வளவு மரியாதை, பக்கத்துல உசுரோட தூங்கறவளுக்குக் கிடையாது.

உக்காருங்கம்மா, நிக்காதீங்க. நம்மளைச் செடி பாக்கக் கூட்டிட்டுப் போற தொப்பிக்காரர் வர இன்னும் கால் மணி நேரம் ஆகும். ஆறரைன்னா ஆறே முக்கால். தபால்காரரா இருந்து ரிட்டையரானவரு. அவரு இருந்த தெருவுல எல்லாருக்கும் வாழ்த்து அட்டை பொறந்த நாளுக்கு மறுநாள்தான் போயிருக்கும்.

நோட்டு புதுசா? அட்டையெல்லாம் போட்டு... ம். முதல் வாரம் எல்லாரும் இப்படித்தான். பென்சில் மூணு, ரப்பரு, பூதக்கண்ணாடி. நாலாவது வாரம் தண்ணி பாட்டிலோட நிறுத்திக்குவாங்க. அதோ அந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரரு இருக்காரே, பல் டாக்டரு. எந்தப் பூவைப் பாத்தாலும் ரெண்டு விரலால வாயைத் தொறந்து பாப்பாரு. அந்தப் பக்கம் நிக்கற புருஷன் பொண்டாட்டி வீட்ல பேசிக்கறதே இல்லையாம். இங்க வந்து புல்லுக்குப் பேர் சொல்லிச் சண்டை போடுவாங்க. குடும்பம்னா ஏதாவது ஒரு பேச்சு வேணுமில்ல.

அப்புறம் இன்னொண்ணு. இவங்களுக்கு இந்த மண்ணுல தானா மொளைச்சதுதான் செடி. மத்ததெல்லாம் வந்தேறி. வெட்டுக்காயப் பூண்டு தெரியுமா? கீழ விழுந்து முட்டியைச் சிராய்ச்சுக்கிட்டா கசக்கி வைப்போமே, வெள்ளை இதழு, நடுவுல மஞ்சளு, தெருவுக்குத் தெரு நிக்குமே. அது கடல் தாண்டி வந்ததாம். நான் பொறந்ததுலேருந்து பாக்கறேன். என் முட்டியை அதுக்குத் தெரியும். இன்னும் அதுக்குக் குடியுரிமை கெடைக்கல.

என்ன, ஃபோனா? படம் எடுத்தா ஃபோனே செடி பேரைக் காட்டிடுமேங்கறீங்களா. எங்கிட்டயும் இருக்கு. ஒரு நாள் அக்கா தூங்கும்போது சும்மா அவ காதை ஃபோட்டோ எடுத்தேன். எண்பத்தேழு சதவீதம் காளான்னு சொல்லிச்சு. அதை நம்பித்தான் நான் அவளுக்குப் பரீட்சையே வெச்சேன்.

அக்கா காலேஜ்ல தாவரவியல் நடத்தினவ. முப்பத்திநாலு வருஷம். நான் பள்ளிக்கூடத்துல கணக்கு. அவ புருஷன் சீக்கிரமே போய்ச் சேந்துட்டாரு. எனக்குக் கல்யாணப் பேச்சே வரல. அதனால ரெண்டு பேரும் ஒரே வீட்ல. ரோட்ல நடந்தா தலையைக் குனிஞ்சுக்கிட்டே வருவா. பாக்கறவங்க, அடடா, எவ்வளவு அடக்கம்பாங்க. அடக்கமாவது. சாக்கடை ஓரத்துல என்ன மொளைச்சிருக்குன்னு பாத்துக்கிட்டு வருவா. திடீர்னு குந்திடுவா. பின்னாடி வர்ற சைக்கிள்காரன் திட்டுவான், என்னை. ஒரு நாள் கேட்டேன், "இதுக்கெல்லாம் பேர் தெரிஞ்சு என்னக்கா ஆகப் போகுது"ன்னு. "உன் கிளாஸ்ல இருக்கற நாப்பது பேரையும் ஏய், ஏய்னா கூப்பிடுவே"ன்னா. அப்படித்தான் கூப்பிட்டேன். அதை அவகிட்டச் சொல்லிக்கல.

ரெண்டரை வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் காலையில, பல் தேய்க்கற பிரஷ்ஷைக் கையில வெச்சுக்கிட்டு நின்னா. நின்னுக்கிட்டே இருந்தா. மூளையில அடைப்பு. வலது கையும் பேச்சும் போச்சு, காலு தப்பிச்சுது. பேச்சுல ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிச்சம். "இல்ல." சரின்னா தலையாட்டுவா, சரியில்லைன்னா "இல்ல." அவ்வளவுதான் அகராதி. அவளுக்குத் தெரிஞ்ச அத்தனை ஆயிரம் வார்த்தையிலயும் கடவுள் அந்த ஒண்ணைப் பொறுக்கி எடுத்து வெச்சாரு பாருங்க. ஆளைத் தெரிஞ்சவர்தான்.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பொண்ணு வரும். அது சொல்லிச்சு, "அவங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயத்தைத் தினம் பத்துக் காட்டுங்க, பேரை நீங்க சொல்லுங்க, சரின்னு தலையாட்டறாங்களான்னு பாத்து எழுதி வைங்க. புரிஞ்சுக்கற சக்தி எவ்வளவு மிச்சம் இருக்குன்னு தெரியும்." அக்காவுக்கு நல்லாத் தெரிஞ்சது செடி. எனக்கு நல்லாத் தெரிஞ்சது பேப்பர் திருத்தறது. அப்புறம் என்ன. அறுபத்தெட்டு வயசுல படம் போட்ட புத்தகம் ஒண்ணு வாங்கிக்கிட்டு, தோள்ல பையை மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டேன்.

பஸ் ஸ்டாண்டு பின்பக்கம், ஸ்கூல் சுவர் ஓரம், ஆஸ்பத்திரி வேலி. தினம் பத்துச் செடி. வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பொரட்டி, ஃபோன்ல காட்டி, பேரைக் கண்டுபிடிச்சு, நோட்டுல ஒரு இலையை ஒட்டி, பக்கத்துல பேரை எழுதி, அக்கா முன்னாடி போய் உக்காருவேன். "அக்கா, இது தும்பை." தலையாட்டுவா. டிக். "இது குப்பைமேனி." டிக். "இது மூக்கிரட்டை." "இல்ல." தப்பு. சிவப்பு மையிலதான் போடுவேன். முப்பத்தோரு வருஷம் பழகின கை பாருங்க, பெருக்கல் குறி நறுக்குன்னு விழும்.

முதல் மாசம் பத்துக்கு எட்டு வாங்கினா. மூணாவது மாசம் அஞ்சு. ஆறாவது மாசம் ரெண்டு, சில நாள் ஒண்ணு. கோவம் வேற. நோட்டைத் தள்ளி விடுவா. என் கையில இருக்கற செடியைப் பிடுங்கி என் மடியிலயே வீசுவா. மூளை கெட்டா கோவம் வரும்னு எங்கயோ படிச்சிருந்தேன், ரொம்பச் சரியா இருக்கேன்னு நெனச்சேன்.

ஒரு மஞ்சப் பூ. ஆஸ்பத்திரி வேலி ஓரமாப் பாய் விரிச்ச மாதிரி தரையோட படர்ந்து கெடக்கும். இங்க வாசல் கேட்டுக்கிட்டயும் இருக்கு, நீங்க மிதிச்சுக்கிட்டுத்தான் வந்திருப்பீங்க. "அக்கா, இது மஞ்சள் கரிசலாங்கண்ணி"ன்னேன். புத்தகத்துல அச்சா அதே பூ. "இல்ல"ன்னா. "இதுதான்க்கா"ன்னேன். "இல்ல, இல்ல." இடது கையால ஒரு இலையைப் பிச்சு என் மூஞ்சிக்கு நேரா ஆட்டறா. அப்புறம் மூணு விரலைக் காட்டறா. நான் கடியாரத்தைப் பாத்தேன். மூணு மணிக்கு ஒரு மாத்திரை உண்டு. எடுத்துக் குடுத்தேன். துப்பிட்டா. தப்பு விட்ட கேள்வியைத் திரும்பக் கேக்கறது என் வழக்கம். மறுநாளும் அதே பூ. மறுபடியும் மூணு விரலு. நோட்டு ஓரத்துல எழுதினேன், "மூன்று விரல்களைக் காட்டிக்கொண்டே இருக்கிறாள். காரணம் தெரியவில்லை." ரிப்போர்ட்டு பாருங்க, இலக்கணமா எழுதணுமில்ல.

அவ பையன் வேலை பாக்கறது வேற ஊரு. நாலு நாள் லீவுல வந்தான். நல்ல பையன்தான், அவனைக் குத்தம் சொல்ல எனக்கு வாயில்ல. "அம்மா எப்படி இருக்காங்க சித்தி"ன்னான். மனுஷின்னா என்ன சொல்லணும்? இருக்காப்பா, பரவாயில்லைன்னு சொல்லணும். நான் நோட்டை எடுத்து நீட்டினேன். மாசவாரியாக் கூட்டி, சராசரி போட்டு.

அதை எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்டப் போனோம். அவரு பக்கம் பக்கமாப் பொரட்டினாரு. "இவ்வளவு சீரா யாரும் எழுதிட்டு வந்ததில்லம்மா"ன்னு பாராட்டினாரு. எனக்கு உச்சி குளுந்து போச்சு. அப்புறம் சொன்னாரு. புரிஞ்சுக்கற சக்தி மாசா மாசம் கொறைஞ்சுக்கிட்டே வருது, வீட்ல அடுப்பு இருக்கு, கதவு இருக்கு, பாத்துக்கறவங்களுக்கும் வயசாச்சுன்னு. ஞாபகம் போனவங்களுக்குன்னு ஊர்க் கடைசியில ஒரு காப்பகம் இருக்கு. ஒரு வாரத்துல எடம் கெடைச்சிடுச்சு. கார்ல ஏத்தும்போது அக்கா வீட்டு வாசக்கதவைப் பிடிச்சுக்கிட்டா. ஒரே வார்த்தைதான் சொன்னா, திரும்பத் திரும்ப. அதைத்தான் அவ எல்லாத்துக்கும் சொல்லிட்டிருந்தாளே, யாரு காதுல வாங்கினா.

அப்புறம் வீட்ல நானும் புத்தகமும். படிச்சது வீணாப் போக வேணாமேன்னு இங்க வந்து சேந்தேன். சேரும்போதே ஒரு மிதப்பு, இவங்களுக்கு நாமளே நாலு சொல்லிக் குடுக்கலாம்னு. ரெண்டாவது ஞாயிறு. தொப்பிக்காரர் அந்த கேட்டுக்கிட்ட குந்தி, "இது யாருக்காவது தெரியுமா"ன்னாரு. கேள்வி முடியறதுக்குள்ள கை தூக்கற ரகம் நான். "மஞ்சள் கரிசலாங்கண்ணி"ன்னேன். "நெறையப் பேர் அப்படித்தான் ஏமாந்துடறாங்க மேடம்"னாரு. "பூ அதே மாதிரிதான். ஆனா இது அழகுக்காக வெளியிலேருந்து கொண்டாந்து நட்டது. கரிசலாங்கண்ணிக்கு இலை நீளமா, ஒரே நுனியா இருக்கும். இதைப் பாருங்க"ன்னு இலையைத் திருப்பி, மூணு விரலை விரிச்சாரு. வாத்து கால் மாதிரி, ஒரு இலைக்கு மூணு நுனி.

வெயில்கூட அவ்வளவா இல்ல அன்னிக்கு. இந்த பெஞ்சுலதான் வந்து உக்காந்தேன். பல் டாக்டரு தண்ணி குடுத்தாரு.

அடுத்த ஞாயிறு நோட்டை எடுத்துட்டு வந்து தொப்பிக்காரர்கிட்டக் குடுத்தேன். அக்காவை அனுப்பின கதையையும் சொன்னேன். ஒவ்வொண்ணுக்கும் இலை ஒட்டி வெச்சிருந்தேன்ல, நான் ஒழுங்காப் பண்ணினது அது ஒண்ணுதான். ஒவ்வொரு ஞாயிறும் நடை முடிஞ்சப்புறம் ஒரு மணி நேரம் உக்காந்து பாப்பாரு. நான் மூக்கிரட்டைன்னு எழுதினது சாரணை. நான் துத்தின்னு எழுதினது வேற என்னவோ. சொல்லிட்டு அடுத்த பக்கம் போயிடுவாரு, ஒரு வார்த்தை ஏசல. தபால்காரரு பாருங்க, எந்தக் கடுதாசியா இருந்தாலும் மொகத்தைக் காட்டாம நீட்டிப் பழக்கம்.

தொள்ளாயிரத்திப் பன்னெண்டு தப்புப் போட்டிருந்தேன். அதுல தொள்ளாயிரத்தி மூணு எடத்துல அக்கா சொன்னதுதான் சரி. மிச்சம் ஒம்போதுல இலை உதிர்ந்து போச்சு, அவராலயும் சொல்ல முடியல. அந்த ஒம்போதுக்கும் நான் மார்க்குப் போட்டுட்டேன், பெரிய மனசு. முதல் மாசம் நான் காட்டினது மாடுகூட பேர் சொல்லும். எட்டு வாங்கினா. போகப் போக நான் புத்தகத்துல கஷ்டமான பக்கத்துக்குப் போனேன், மார்க்கு எறங்கிச்சு. நுனிப்புல் மேஞ்சது நானு, ஃபெயிலானது அவ. இது கணக்கு டீச்சருக்குத் தெரியணுமில்ல? ஒரு நாளாவது தெரியணுமில்ல?

பையனுக்கு ஃபோன் போட்டேன். "அம்மா அங்க பழகிட்டாங்க சித்தி, மறுபடியும் கலைக்க வேணாம்"னான். நான் விடல. டாக்டர்கிட்டப் போய் நின்னு, நான் எழுதினது பூராவும் தப்புன்னேன். நான் பண்ணினது தப்புன்னு வாழ்க்கையில ஒரு பிள்ளைகிட்டகூடச் சொன்னதில்ல. அவரு நோட்டைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, "சரிம்மா, மறுபடியும் பரீட்சை வைப்போம், தேறினா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னாரு. அதுக்குள்ள எட்டு மாசம் ஓடிடுச்சு.

காப்பகத்துல ஆயாம்மாங்க நல்லவங்கதான். ஆனா நாப்பது பேருக்கு நாலு பேரு. இல்ல, இல்லைங்கறவங்களுக்கு எல்லாமே கடைசியிலதான் வரும். தலையாட்டறவங்களுக்கு முதல்ல சாப்பாடு, முதல்ல வெந்நீ. நான் போகும்போதெல்லாம் பாக்கத்தான் செஞ்சேன். பரவாயில்ல, அக்கா சாந்தமாயிட்டான்னு நெனச்சுக்கிட்டேன். நெனைக்கறதுக்கு எனக்குச் சொல்லியா குடுக்கணும்.

பரீட்சைக்குப் பத்துச் செடி நானே பறிச்சேன். தொப்பிக்காரர் ஒவ்வொண்ணாப் பாத்து, சரின்னு சொல்லி அனுப்பினாரு. அஞ்சுக்குச் சரியான பேரைச் சொல்லணும், அஞ்சுக்கு வேணும்னே தப்பாச் சொல்லணும், அது டாக்டர் வெச்ச முறை. தும்பையைத் தும்பைன்னேன், தலையாட்டினா. ஊமத்தையைத் தும்பைன்னேன், அதுக்கும் தலையாட்டினா. சரி, கவனிக்கல போலன்னு நெனச்சேன். நாயுருவியை நெருஞ்சின்னேன். ஆட்டினா. கடைசியா இந்த மஞ்சப் பூவை எடுத்துக் கையில குடுத்து, "அக்கா, இது மஞ்சள் கரிசலாங்கண்ணி"ன்னேன். சொல்லிட்டு அவ வாயையே பாத்துக்கிட்டிருந்தேன். திட்டணும், மூஞ்சியில எறியணும், விரலைக் காட்டணும். இலையை விரல்ல வெச்சு ஒரு தடவை திருப்பிப் பாத்தா. பாத்துட்டு, டாக்டரைப் பாத்து, நல்ல பிள்ளையா தலையாட்டினா.

பத்துக்கும் ஆட்டினா. பத்துக்கு அஞ்சு. எங்க ஸ்கூல்ல அது பாஸு, டாக்டர்கிட்ட ஃபெயிலு.

இது மூளை கெட்டுப் போனதா, அங்க இருந்து தலையாட்டக் கத்துக்கிட்டதான்னு டாக்டரைக் கேட்டேன். "ரெண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க வழியில்லம்மா"ன்னாரு. அவரு படிச்ச படிப்புல அந்தப் பக்கம் இல்ல போல.

...விசிலு கேக்குது பாருங்க, வந்துட்டாரு. போங்கம்மா, எனக்காக நிக்காதீங்க, முன்னாடி நின்னாத்தான் அவரு பேசறது காதுல விழும். நான் மெல்ல வர்றேன். பேனா வேணாம், பென்சில்லயே எழுதுங்க.

யாரு, அக்காவா? அங்கதான் இருக்கா. ரெண்டாவது மாடி, ஜன்னல் ஓரக் கட்டில். புதன்கிழமை நாலுலேருந்து அஞ்சு வரைக்கும் பாக்க விடறாங்க. ஜன்னலுக்குக் கீழ கார் நிறுத்தற எடம், பூராவும் சிமெண்டு.